புத்தக நேரம், கடிகார நேரம்

ஜூலை 20, 1996, சனி. கெச்சிகன், அலாஸ்கா

பதினோராவது நாளாக மழை. துவைத்த காலுறைகளைப் படகின் எஞ்சின் அறையில் தொங்கவிட்டு மூன்று நாளாகிறது. காயவில்லை, டீசல் நாற்றம் ஏறியதுதான் மிச்சம். வெண்டல் அதையே மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டு வந்தான். எழுபத்தொரு வயதில் என் புருஷனுக்கு நாற்றமாவது ஒன்றாவது.

நாளை மறுநாள் தெற்கே திரும்புகிறோம். வேறு வேலை இல்லாததால், கடல் ஏறி இறங்கும் நேரங்களை அச்சிட்ட கனடாவின் ஓதப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, வழியில் வரும் இடுக்குகளின் நேரங்களை எல்லாம் என் நீல நோட்டில் எழுதி முடித்தேன். ஜோலினுக்கு எத்தனை முறை சொன்னாலும் இது புரியாது. 'கடல்தானே அம்மா, எப்ப வேணா போலாமே' என்பாள். இரண்டு மலைக்கு நடுவில் கடல் நுழைகிற இடத்தில் அது கடல் இல்லை, காட்டாறு. ஆறு மணி நேரம் உள்ளே ஓடும், ஆறு மணி நேரம் வெளியே ஓடும். நடுவில் பத்து நிமிடம் நிற்கும். அந்தப் பத்து நிமிடத்தில் படகு நுழைய வேண்டும்.

சக்கரம் அவனுக்கு, நேரம் எனக்கு. இது இந்தப் படகு வாங்கிய நாளிலிருந்தே உள்ள ஏற்பாடு. இருபத்து நான்கு வருடம் பள்ளிப் பேருந்துகளுக்கு நேர அட்டவணை போட்டவள் நான். முப்பத்தெட்டு வண்டிகள். என் கணக்கால் ஒரு பிள்ளைகூட மழையில் நின்றதில்லை. பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், இதை யார் படிக்கப் போகிறார்கள். எனக்குப் போதும். அனகோர்ட்டிஸில் என் வீடு, என் தக்காளிச் செடிகள், அசையாத கட்டில். போன அக்டோபரில் வெண்டலின் இடது கையிலிருந்து காப்பிக் கோப்பை விழுந்ததே, அன்றிலிருந்தே எனக்குப் போதும். மூளையில் சின்ன அடைப்புதான், கை திரும்ப வந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னார். சொல்லட்டும். கிளம்பும்போது ஜோலின் அழுதாள். அவளிடம் அவன் வாக்குக் கொடுத்தான்: "என் தப்பால ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு நடந்தாலும் அன்னைக்கே சாவியைக் கொடுத்துடறேன். படகை வித்துடலாம்."

ரகசியமாக அந்த ஒன்றுக்காகக் காத்திருக்கிறேனா? சீச்சீ. என்ன எழுதுகிறேன்.

ஜூலை 24, புதன். பிரின்ஸ் ரூபர்ட்

எல்லை தாண்டியாயிற்று. திறந்த கடலில் ஐந்து மணி நேரம். நான் வாளியும் கையுமாக. வெண்டல் சீட்டியடித்துக்கொண்டு ஓட்டினான், பாவி.

துறையில் கட்டியதும் சுவர்க் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினான். அலாஸ்கா நேரம் முடிந்தது. "கனடாக்காரன் நம்ம ஆயுசுல ஒரு மணி நேரம் எடுத்துக்கிட்டான், ரசீதுகூட தரல" என்றான். வருடா வருடம் இதே ஜோக். வருடா வருடம் நானும் சிரித்துத் தொலைக்கிறேன்.

ஜூலை 28, ஞாயிறு

மழை. தகர டப்பா சூப். பேச ஒன்றும் இல்லை.

ஜூலை 31, புதன்

விலா கட்டுப் போட்டிருக்கிறது. மெதுவாகத்தான் எழுத முடிகிறது. ஆனால் எழுதாமல் முடியவில்லை.

காலையில் ரேடியோவில் தென்கிழக்குப் புயல் எச்சரிக்கை. மணிக்கு நாற்பது கடல் மைல் வேகத்தில் காற்று, மாலைக்குள். ஒதுங்க ஒரே இடம் ஹேட்டி இடுக்குக்கு உள்ளே இருக்கும் குளம். உள்ளே போய்விட்டால் வெளியே என்ன அடித்தாலும் தெரியாது. நோட்டைப் பார்த்தேன். பத்து நாற்பதுக்குத் தண்ணீர் நிற்கும். பத்தரைக்கு இடுக்கின் வாயில் இருந்தோம். காற்று எழும்ப ஆரம்பித்துவிட்டது.

வெண்டல் வேகத்தைக் குறைத்தான். கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "ஆர்லீன், தண்ணி இன்னும் ஓடுது."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து முப்பத்தெட்டு.

"ஓடாது. நின்னுடுச்சு. போ."

"ஓடற மாதிரி தெரியுதே."

"வெண்டல், பத்து நாப்பது. நோட்டுல இருக்கு. போ, காத்து வந்துட்டிருக்கு."

போனான். நான் சொன்னதால் போனான்.

முதல் நூறு அடியிலேயே தெரிந்துவிட்டது. படகை நாங்கள் ஓட்டவில்லை, தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. திரும்பவும் வழியில்லை. நடுவில் ஒரு பாறை உண்டு, அதன் மேல் வெள்ளையாக நுரை. அவன் சக்கரத்தை முழுக்க இடப்பக்கம் ஒடித்தான், எஞ்சின் அலறியது, படகு பக்கவாட்டில் போனது. போய்க்கொண்டே இருந்தது. அப்புறம் அடியில் ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது. வீட்டின் அடித்தளத்தை யாரோ கடப்பாறையால் நெம்புகிற மாதிரி. நான் மேசை விளிம்பில் போய் விழுந்தேன். தட்டுகள் எல்லாம் தரையில்.

ஒரு நிமிடம்கூட இருக்காது. குளத்துக்குள் துப்பிவிட்டது. உள்ளே கண்ணாடி மாதிரி அமைதி. படகு முழுவதும் நடுங்கியது, புரொப்பெல்லர் வளைந்திருக்க வேண்டும். பலகையைத் தூக்கி அடியில் பார்த்தான், கொஞ்சம்தான் தண்ணீர் கசிந்தது, பம்பு போதும் என்றான். நங்கூரம் போட்டான். என் விலாவைத் தொட்டுப் பார்த்தான். கட்டுப் போட்டான்.

அப்புறம் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆகஸ்ட் 1, வியாழன். டென்னி தீவு

புயல் முடிந்ததும் ஒரு மீன்பிடிப் படகு இழுத்து வந்து இந்தப் படகுத்துறையில் விட்டது. இறங்கியதும் வெண்டல் நேராகப் பொதுத் தொலைபேசிக்குப் போனான். நான் விலாவைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

"ஜோலின், அப்பா பேசறேன். அம்மாவுக்கு விலாவுல அடி, பெருசா ஒண்ணும் இல்ல. கேளு. தண்ணி ஓடற மாதிரி எனக்குத் தெரிஞ்சது. ஆனா அம்மா கணக்குல நின்னுடுச்சு. அவ கணக்கு என்னைக்குத் தப்பாச்சு? அப்ப என் கண்ணுதான், என் தலைதான். உள்ள போனப்புறமும் கை லேட்டாத்தான் போச்சு. சொன்ன சொல் சொன்னதுதான். வித்துடறேன்."

அவள் அந்தப் பக்கம் அழுவது எனக்குக் கேட்டது. எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அழுகைக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. கட்டில். தக்காளிச் செடி. என்ன ஜென்மம் நான்.

ஆகஸ்ட் 3, சனி

கார்ல் என்பவர் படகைத் தூக்கிக் கரையேற்றினார். இந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர், அறுபது வயதிருக்கும், கை ஒவ்வொன்றும் பலகை மாதிரி. புரொப்பெல்லரின் ஒரு இதழ் முழுக்க மடிந்திருக்கிறது. தண்டு நேராக இருக்கிறது, அதிர்ஷ்டம். பத்து நாளில் சரியாகிவிடும் என்றார்.

வெண்டல் உள்ளே இருந்தான். நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை மணிக்கு நுழைந்தீர்கள் என்று கார்ல் சும்மாதான் கேட்டார். பத்து நாற்பது என்றேன்.

"புத்தக நேரமா, கடிகார நேரமா?"

இங்கே எல்லாரும் இப்படித்தான் கேட்பார்களாம். நான் வாயைத் திறந்தேன். கெச்சிகனில் எதை எழுதினேன் என்று சட்டென்று நினைவு வரவில்லை.

"கடிகார நேரம்" என்றேன்.

"அப்ப சரியாத்தானே இருக்கணும்" என்று தலையைச் சொறிந்தார். "புத்தக நேரமா இருந்தாதான் வம்பு. வருஷத்துக்கு ரெண்டு பேர் அப்படித்தான் இங்க வந்து சேருவாங்க. ஒரு மணி நேரம் முன்னாடி போனா அந்த இடம் ஆளை முழுங்கிடும்."

படகில் ஏறினேன். நோட்டை எடுத்தேன். புத்தகத்தை எடுத்தேன்.

பார்த்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3, மறுபடியும்

நிதானமாக எழுதுகிறேன். புத்தகத்தில் அச்சிட்டிருப்பது குளிர்கால நேரம். கோடையில் நாம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறோம், புத்தகம் தள்ளாது. படிக்கிறவர்தான் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். வடக்கே போகும்போது ஒவ்வொரு முறையும் கூட்டினேன், நோட்டில் பென்சிலால் +1 +1 என்று இருக்கிறது. கெச்சிகனில் உட்கார்ந்து எழுதியபோது சுவர்க் கடிகாரம் அலாஸ்கா நேரத்தில் இருந்தது, ஒரு மணி பின்னால். அதுவும் புத்தகமும் ஒத்துப்போயின. கூட்ட வேண்டியதில்லை என்று கூட்டவில்லை. எல்லை தாண்டியதும் வெண்டல் கடிகாரத்தைத் தள்ளினான். என் நோட்டை யாரும் தள்ளவில்லை.

தண்ணீர் பதினொன்று நாற்பதுக்குத்தான் நிற்க வேண்டும். அது ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிறது என்று அவன் சொன்னான்.

அவன் கண் சரியாகத்தான் பார்த்தது. தலையும் சரியாகத்தான் இருக்கிறது. அப்படி இழுக்கிற தண்ணீரில் எவன் கை போட்டாலும் லேட்டாகத்தான் போகும்.

நாளை சொல்லிவிடுகிறேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

மர்ரே என்று ஒருவர், பக்கத்துத் தீவில் மீன்பிடி விடுதி நடத்துகிறவர், படகைப் பார்க்கச் சனிக்கிழமை வருகிறாராம். கார்ல்தான் சொல்லிவிட்டிருக்கிறார். வெண்டல் இன்று முழுக்கப் பித்தளையைத் துலக்கினான். விற்கப் போகிற படகை எதற்கு இவ்வளவு துலக்குகிறாய் என்று கேட்டேன். "பொண்ணு பார்க்க வராங்கள்ல" என்றான். சிரிக்கவில்லை.

எனக்கு நானே வக்கீல் வைத்துப் பார்க்கிறேன். அக்டோபரில் விழுந்த கோப்பை நிஜம்தானே? இந்த முறை என் தப்பு, அடுத்த முறை நிஜமாகவே அவன் கை வராமல் போனால்? விற்பது நல்லதுதானே? ஜோலினுக்கு நிம்மதி. எனக்கு நிம்மதி. அவனுக்கும் நல்லதுதான். எல்லாருக்கும் நல்லது, ஒரு பொய்யால். பொய்கூட இல்லை, வாயைத் திறக்காமல் இருப்பது.

கார்லிடம் சொன்னது பொய்தான்.

ஆகஸ்ட் 7, புதன்

இன்று காலை அப்பம் சுட்டான். சுட்டு முடித்து அடுப்பை அணைத்தான், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு நிமிடம் கழித்துத் திரும்பி வந்து, "ஆர்லீன், அணைச்சேனா?" என்றான். அணைத்தாய் என்றேன். போனான். மறுபடி வந்து குமிழைத் தொட்டுப் பார்த்தான்.

மதியம் சின்னப் படகில் கடைக்குப் போகவேண்டியிருந்தது, முந்நூறு கெஜம்கூட இல்லை. நீயே ஓட்டேன் என்றான். கல்யாணமான நாற்பத்து நான்கு வருடத்தில் என்னை ஓட்டச் சொன்னது இதுதான் முதல் தடவை. ஏன் என்று கேட்டேன். "எது நிஜமா தெரியுது, எது சும்மா தெரியுதுன்னு எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு" என்றான். பெட்ரோல் விலையைச் சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னான்.

ரம்பப் பட்டறையில் முப்பது வருடம் மெஷினின் சத்தத்தை வைத்தே எந்தப் பல் போயிற்று என்று சொன்னவன். இவனை நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்?

ஆகஸ்ட் 8, வியாழன்

நாளை. கட்டாயம் நாளை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

விடிந்ததும் எழுந்தேன், பக்கத்தில் அவன் இல்லை. பின்தளத்தில் உட்கார்ந்திருந்தான். இடது கையின் கட்டை விரலால் ஒவ்வொரு விரலையும் தொட்டுக்கொண்டிருந்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. திரும்ப நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. மருத்துவமனையில் செய்யச் சொன்ன சோதனை. உதடு அசைந்தது. ஒரு இடத்தில் தப்பினான், தலையை ஆட்டிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தான். அவன் தப்பவே இல்லை, நான் எண்ணிக்கொண்டுதான் நின்றேன். தப்பிவிட்டதாக அவனே நினைத்துக்கொண்டான்.

உள்ளே போய் நோட்டையும் புத்தகத்தையும் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தேன். விரலால் காட்டினேன். ஜூலை முப்பத்தொன்று. பத்து நாற்பது. கூட்டவில்லை.

ரொம்ப நேரம் பார்த்தான். கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தான். உதட்டிலேயே கணக்குப் போட்டான். முகத்தில் ரத்தம் ஓடி வருவது தெரிந்தது, நிஜமாகவே தெரிந்தது.

"அப்ப தண்ணி ஓடுச்சு."

"ஓடுச்சு."

"நான் பார்த்தது சரி."

"சரிதான் வெண்டல். எல்லாம் சரியாத்தான் பார்த்த. நான்தான் போ போன்னு."

கண்ணை மூடிக்கொண்டான். கட்டிக்கொள்ளப் போகிறான் என்று நினைத்தேன். முட்டாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுதான், இன்றைக்குத்தான் என்று. அது நாக்கு நுனியில் இருந்தது.

"சனிக்கிழமை."

"போன சனிக்கிழமையா?"

"ஆமா."

விரல் விட்டு எண்ணினான். அதே இடது கை. "ஆறு நாள்" என்றான். "கணக்குத் தப்பறது யாருக்கும் வரும் ஆர்லீன். ஆறு நாள் நான் அடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துட்டு இருந்தேன், நீ பக்கத்துல நின்னு வேடிக்கை பார்த்த."

ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். நாள் முழுக்கக் கார்லோடு பட்டறையில் இருந்தான்.

ஆகஸ்ட் 10, சனி

மர்ரே வந்தார். பித்தளையைப் பார்த்து வாயைப் பிளந்தார். வெண்டல் காப்பி கொடுத்தான், எஞ்சினைக் காட்டினான், பிறகு படகு விற்பனைக்கு இல்லை, வீணாக வரவழைத்ததற்கு மன்னிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

பிறகு என்னிடம் தொலைபேசிக்கான சில்லறையை நீட்டினான். "ஜோலின்கிட்ட நீயே சொல்லு." அவ்வளவுதான் பேச்சு.

சொன்னேன். ஒன்றையும் விடவில்லை, ஆறு நாளையும் சொன்னேன். அப்புறம் கேட்டாள்: "அம்மா, படகை வித்துடலாம்னு அப்பா சொன்னப்ப உனக்கு நிம்மதியா இருந்துச்சா?"

"இருந்துச்சுடி."

"எனக்கும்தான்" என்றாள். இரண்டு பேரும் அழுதோம். அவள் என்னைத் திட்டியிருக்கலாம், சுலபமாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

படகைத் தண்ணீரில் இறக்கினார் கார்ல். நடுக்கமே இல்லை. அவரிடமும் சொன்னேன், அன்றைக்குக் கேட்டதற்குப் பொய் சொன்னேன் என்று. "தெரியும், உங்க மூஞ்சியே சொல்லுச்சு" என்றார். அப்படியானால் ஏன் வெண்டலிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். புருஷன் பெண்டாட்டி படகில் மூன்றாவது ஆள் சக்கரத்தைத் தொடக்கூடாது என்றுவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கடலுக்குள் நீண்டிருக்கும் முனையைத் தாண்டினோம். ஆறு மணி நேரம் திறந்த கடல், பெரிய பெரிய அலைகள். வெண்டல்தான் சக்கரத்தில். கை எங்கேயும் தயங்கவில்லை. நான் வாளியோடு கீழே. சீட்டியடிக்கிறானா என்று காது கொடுத்துக் கேட்டேன். இல்லை.

ஓதப் புத்தகம் இப்போது அவனிடம் இருக்கிறது. மூக்குக் கண்ணாடியை ஏற்றி ஏற்றி அவனே பார்க்கிறான், அவனே எழுதிக்கொள்கிறான். என்னிடம் கேட்பதில்லை. உப்பு எங்கே, கயிறு எங்கே, இதைத் தவிர வேறு பேச்சில்லை. திட்டித் தொலையேன் என்று கத்தவேண்டும் போலிருக்கிறது. பெட்டியின் அடியில் நீல நோட்டு கிடக்கிறது. நேற்று எடுத்து எல்லா நேரத்தையும் அடித்துத் திருத்தினேன், ஒவ்வொன்றுக்கும் ஒன்று கூட்டி. யாரும் கேட்கவில்லை. சும்மா.

ஆகஸ்ட் 17, சனி

இரண்டு நண்டு பிடித்தான். பெரியதை என் தட்டில் வைத்தான்.

ஆகஸ்ட் 19, திங்கள். சீமோர் இடுக்கின் வடக்கு வாய்

வீட்டுக்குப் போகும் வழியில் கடைசிப் பெரிய இடுக்கு இதுதான். எங்களோடு நான்கைந்து படகுகள் காத்துக்கொண்டிருந்தன. வெயில், பதினைந்து நாளில் முதல் தடவை. ஹேட்டிக்குப் பிறகு நாங்கள் நுழைகிற முதல் இடுக்கு.

ரேடியோவில் ஒரு பெண் குரல், பாய்மரப் படகிலிருந்து, இளம் வயது, பயந்த குரல். இடுக்கில் தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கும், யாராவது சொல்ல முடியுமா என்று கேட்டாள்.

வெண்டலின் மடியில் புத்தகம் திறந்தபடி இருந்தது. அவன் எழுதிய காகிதமும் இருந்தது. ரேடியோவின் பேசுகுழாயை எடுத்தான். ஒரு நொடி வைத்திருந்தான். பிறகு என் பக்கம் நீட்டினான்.

"நேரம் எல்லாம் உன் டிபார்ட்மெண்ட்."

பெட்டியின் அடியிலிருந்து நோட்டை எடுத்தேன். இரண்டு முறை பார்த்தேன். மூன்று முறை.

"பன்னிரண்டு ஐம்பது" என்றேன் ரேடியோவில்.

வெண்டல் எதிரே தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பாமலே, "புத்தக நேரமா, கடிகார நேரமா?" என்றான்.

பாவி. எத்தனை நாளாக அதை வாயில் அடக்கி வைத்திருந்தானோ.

"கடிகார நேரம்" என்றேன், ரேடியோவிலும் அவனிடமும். அந்தப் பெண் நன்றி சொன்னாள்.

பன்னிரண்டு ஐம்பது ஆயிற்று. மற்ற படகுகள் ஒவ்வொன்றாக எஞ்சினை முடுக்கின. வெண்டலின் கை நெம்புகோலில் இருந்தது. என் முகத்தைப் பார்த்தான், நான் சொல்ல வேண்டும் என்று.

"உனக்கு என்ன தெரியுது?" என்று கேட்டேன். "நின்னுடுச்சா?"

கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். நிதானமாக, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும்.

"இல்ல. ஓரத்துல இன்னும் ஓடுது. அஞ்சு நிமிஷம் ஆகும்."

நோட்டை மூடி வைத்தேன். ஐந்து நிமிடம் காத்திருந்தோம்.